மூன்றில் ஒரு பங்குக் கூரை

டமாரிஸ் வாட்லி செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. டட்டன் மேட்டில் அவள் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "பாவம், நல்ல பொம்பளைதான். ஆனா வீட்டைப் பாழா விட்டுட்டா." கேட்கும்போதே வயிறு எரியும். அந்த மேட்டில் வீட்டை வீடாக வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் போய் இந்தப் பேர்.

வடக்கே கல்லைத் தவிர வேறெதுவும் விளையாத ஒரு பண்ணையில், ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவள். பதினெட்டு வயதில் நெசவாலைக்குப் போய்ப் பதின்மூன்று வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்றாள். அந்த இரைச்சலில் காது பாதி மந்தமாகிப் போயிற்று. அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினாலே அடுத்த பண்ணையில் நாய் குரைக்கும். முப்பத்தொரு வயதில், மனைவியைப் பறிகொடுத்த ஜபேஸ் வாட்லி ஆறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அவளைக் கேட்டான். சரி என்றாள். மேட்டுக்கு வந்த மறுவாரமே பையன் லெமுவேலுக்குச் செங்காய்ச்சல். பதினேழு நாள் அவனை மடியிலேயே போட்டுக்கொண்டு கிடந்தாள். அவளுக்கென்று பிள்ளை எதுவும் பிறக்கவில்லை. லெமுவேல் அவளைக் கடைசிவரை 'சித்தி' என்றுதான் கூப்பிட்டான். அவளும் வேறு மாதிரி கூப்பிடச் சொல்லிக் கேட்டதில்லை.

ஜபேஸ் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தான். எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஆள். அடக்கம் முடிந்து பத்தாம் நாள், கோர்ட்டு அனுப்பிய மூன்று பேர் சுண்ணாம்புக் கட்டியோடு வந்து வீட்டுக்குள் கோடு போட்டார்கள். கிழக்குப் பக்கத்து முன்னறை, அதற்கு மேலே ஒரு மாடி அறை, அந்த இரண்டுக்கும் மேலே இருக்கிற கூரை, நிலவறையில் மூன்றில் ஒரு பங்கு, கிணற்றுக்குப் போய்வர ஒரு வழி, சனிக்கிழமை காலையில் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொள்ளும் உரிமை. இவ்வளவும் விதவைக்கு, அவள் மூச்சு இருக்கிறவரை. மற்றதெல்லாம் மகனுக்கு. தன் பங்கை அவளே பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பாழாக விட்டால் அதுவும் மகனுக்குப் போய்விடும். கோடு அடுப்படியை இரண்டாக வெட்டிக்கொண்டு போயிற்று.

கோடு ஒரு மாதத்தில் அழிந்து போயிற்று. ஆனால் லெமுவேலின் மனசில் அழியவில்லை. அவள் நாற்காலி ஒரு சாண் இந்தப் பக்கம் வந்தால்கூடத் தள்ளி வைப்பான்.

"டேய் லெமு, என் கால் கட்டைவிரல் உன் பங்குக்கு வந்திருச்சு பாரு. வெட்டி எடுத்துக்கறியா?" என்பாள் அவள், ஊர் கேட்க.

"உங்க விரலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சித்தி? நாற்காலியைத் தள்ளுங்க," என்பான்.

ஒன்பது வருஷம் இப்படியே ஓடிற்று. லெமுவேல் தன் பக்கத்துக் கூரையை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பாசி பிடித்து, மர ஓடுகள் மக்கி, மழைக்காலத்தில் அவன் வீட்டுக்குள் ஐந்து வாளி வைத்திருக்கும். அவன் பங்கை அவன் எப்படி வைத்துக்கொண்டாலும் கேட்க ஆளில்லை, அது அவன் சொத்து. டமாரிஸுக்கு அந்தச் சொகுசு கிடையாது. கிழக்குப் பக்கத்தில் முதல் ஓடு விரிசல் விட்டதுமே அவள் முடிவு பண்ணிவிட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து காலுறைகளாகப் பின்னித் தள்ளினாள். அவற்றை வாங்கிக்கொண்டு, அடுத்த மேட்டில் தனியாக இருந்த சைலஸ் கிழவன் தேவதாரு மரத்தைப் பிளந்து ஓடுகள் செய்து, மே மாதம் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அந்தக் கிழவன் செப்டம்பரில் செத்துப்போனான். அவன் மட்டும் இன்னும் நாலு மாதம் உயிரோடு இருந்திருந்தால் கதை வேறு.

லெமுவேல் உழவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. ஏணியைப் பிடித்துக்கொண்டது லெமுவேலின் மனைவி லவீனா.

"அத்தை, நீங்க விழுந்து தொலைச்சா ஊரு என்னைத்தான் பேசும்."

"விழுந்தா உன் மேலதாண்டி விழுவேன். மெத்தை மாதிரி இருக்கே, ஒண்ணும் அடிபடாது. ஆணியைக் குடு."

லவீனா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடிற்று. மூன்று நாள் வேலை. ஒரே அடுப்படியில் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்பது வருஷம் இருந்த அந்த இரண்டு பெண்களும் அந்த மூன்று நாளில்தான் வாய்விட்டுச் சிரித்தார்கள். கூரை முடிந்தபோது கிழக்குப் பக்கம் மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பளபளத்தது. ஆனால் அந்தச் சரிவு ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்த சரிவு. சாலையில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாது. டமாரிஸ் தம்பட்டம் அடிக்கிற ஆளும் இல்லை.

ஜூலைக் கடைசியில் பாஸ்டனிலிருந்து லெவரெட் என்கிற ஓவியர் வந்து சேர்ந்தார். முப்பது வயது இருக்கும். குடை, மடக்கு நாற்காலி, வர்ணப் பெட்டி. லெமுவேல் வீட்டில் தங்கினார். இயற்கையில் உள்ளதை உள்ளபடி வரைவோம், ஒரு இலையைக்கூட மாற்ற மாட்டோம் என்று சத்தியம் பண்ணிக்கொண்ட ஓவியர் கூட்டம் ஒன்று அப்போது இருந்தது; அதில் இவரும் ஒருவர். முதலில் மேற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்தார். லெமுவேலின் பன்றிக் கொட்டில் நாற்றம் தாங்கவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே, ஆப்பிள் மரத்தடிக்கு வந்துவிட்டார். பன்றிகள் மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருந்திருந்தால் லெமுவேலின் கூரைதான் படத்துக்குப் போயிருக்கும்.

கல்சுவர் ஒன்றை வரைய அவருக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. டமாரிஸ் கிணற்றுக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பாள். அவரும் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொல்வார். அந்த வீட்டில் யாரும் அவளுக்காக எழுந்து நின்று பல வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா ஒரு சின்ன உதவி. அந்த ஜன்னல் கதவை ஒரு கீல்ல மட்டும் தொங்க விடலாமா?"

"எதுக்கு தம்பி? போன வாரம்தான் கீலுக்கு எண்ணெய் போட்டேன்."

"எல்லாம் நேரா இருந்தா கண்ணு அங்க நிக்காதும்மா. தயவுசெஞ்சு."

அந்தத் 'தயவுசெஞ்சு'தான் அவளைக் கவிழ்த்தது. போய்க் கீலைக் கழற்றினாள். மறுநாள், மாடி ஜன்னலில் ஒரு கந்தலைச் செருகி வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தன் பழைய உள்பாவாடை ஒன்றை எடுத்துத் திணித்தாள்.

"இதைப் பாஸ்டன்காரங்க எல்லாம் பார்ப்பாங்களா? ஐயையோ, முன்னாடியே சொல்லக்கூடாதா? துவைச்சாவது குடுத்திருப்பேனே!"

லெவரெட் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை. அவர் கேட்டபடி கிணற்றடியில் வாளியோடு இரண்டு நாள் காலையில் நின்றாள். இடுப்பு விட்டுப் போயிற்று, சொல்லிக்கொள்ளவில்லை.

படம் முடிந்த அன்றைக்கு அவளைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய படம் ஒன்று, அதைப் பார்த்துப் போட்ட சின்னப் படம் ஒன்று. ஆப்பிள் மரம், கல்சுவர், வேலி, கிணறு, கிணற்றடியில் அவள். எல்லாம் அச்சாக இருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"தம்பி, என் கூரை எங்க?"

"அது இல்லம்மா... புது மரம் மஞ்சளா பளிச்சுன்னு அடிக்குது. மொத்தப் படத்தையும் கெடுத்துரும். அதனால பாசி வெச்சுட்டேன். அங்கங்க ஒரு ஓட்டை."

"நீங்க உள்ளதை உள்ளபடி வரையறவராச்சே?"

"மத்ததெல்லாம் உள்ளபடிதான். இந்த ஒரு இடம் மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்," என்று கண்ணடித்தார்.

"சரி போங்க. பாஸ்டன்ல போய் மழை பெஞ்சு இதுக்குள்ள ஒழுகவா போகுது!" என்றாள் டமாரிஸ். அவர் இரண்டு படத்தின் மூலையிலும் பேரைப் போட்டு, கீழே '1870 ஆகஸ்ட்' என்று எழுதினார். அந்த இடத்தில் அவள் ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மூன்று வாரம் மரியாதையாகப் பேசிய ஒரு மனுஷனை எதற்கு மனம் நோகப் பண்ணுவது என்று விட்டுவிட்டாள்.

ஊருக்குக் கிளம்புமுன் லெவரெட் அந்தப் படங்களைச் சபை விருந்தில் கொண்டுவந்து வைத்தார். எங்கள் மேட்டு ஆட்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது. மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது மாதிரிதான் படத்தையும் பார்ப்பார்கள். கொல்லன் படத்தில் இருந்த வேலிக் கம்புகளை எண்ணினான், பதினொன்று. மறுநாள் விடிந்ததும் போய்ச் சாலையில் நின்று நிஜ வேலியை எண்ணினான், பதினொன்று. புகைபோக்கியில் இரண்டு செங்கல் இல்லை, படத்திலும் இல்லை. கிணற்று ஏற்றத்தில் ஒரு கீறல், படத்திலும் அதே கீறல். அவ்வளவுதான், அது பொய் சொல்லாத படம் என்று மேடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. சின்னப் படத்தை லவீனாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு லெவரெட் போய்விட்டார்.

அந்த விருந்தில்தான் சபை மூப்பர் ஹோர்டன் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன டமாரிஸ், உன் கூரை இப்படியா கிடக்கு?"

எங்கள் மேட்டில் ஒரு வியாதி உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் கௌரவக் குறைச்சல். காலை முறித்துக்கொண்டு கிடப்பவனிடம் எப்படி இருக்கே என்றால், 'நடனம் ஆடக் கத்துக்கிட்டிருக்கேன்' என்பான், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. டமாரிஸ் அதில் கைதேர்ந்தவள். மூப்பரைப் பார்த்து, தன் முழுக் குரலில் சொன்னாள்:

"ஆமா மூப்பரே. படுத்துக்கிட்டே நட்சத்திரத்தை எண்ணலாம். மெழுகுவத்திச் செலவு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

நவம்பரில் பண்ணையை வாங்க ஒரு பட்டணத்து ஆள் வந்தான். நிலம் பிடித்தது, தண்ணீர் பிடித்தது. உள்ளே ஒரு கிழவியை வைத்துக்கொண்டு வீடு வாங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். டிசம்பரில் கோர்ட்டிலிருந்து டமாரிஸுக்குக் காகிதம் வந்தது. அவள் தன் பங்கைப் பாழாக விட்டுவிட்டாள், ஆகவே அது தனக்கே திரும்ப வேண்டும் என்று லெமுவேல் மனு போட்டிருந்தான்.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள், உண்மையாகவே. அன்றைக்குச் சனிக்கிழமை. ரொட்டி மாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"லெமு, என் கூரையை நீ பார்த்தியா?"

"பார்த்தேனே. படத்துல."

"படத்துல இல்லடா. கழுத்தை நிமித்தி."

"பாஸ்டன்காரர் கழுத்தை நிமித்திப் பார்த்துத்தானே வரைஞ்சிருக்கார் சித்தி."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டு இல்லை. அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியும், அப்படியும் சொல்கிறான். மடியில் போட்டு வளர்த்த பிள்ளை. "வரட்டும், வந்து பார்க்கட்டும்," என்று மாவை அறைந்து பிசைந்தாள். லவீனா பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வையிடக் கோர்ட்டு நியமித்த மூன்று பேர் ஜனவரி நடுவில் வந்தார்கள். மூப்பர் ஹோர்டன் அதில் ஒருவர். மற்ற இருவரும் அவர் சொன்னால் தலையாட்டுகிறவர்கள். கூரை மேல் மூன்றடி பனி. வந்தவர்கள் லெமுவேலின் வரவேற்பறையில் சூடான ஆப்பிள் சாறு குடித்தபடி, சுவரில் மாட்டியிருந்த சின்னப் படத்தைப் பார்த்தார்கள்.

"இதைப் போய் உட்கார்ந்து என்ன பார்க்கறீங்க? கூரை வெளியில இருக்கு!" என்றாள் டமாரிஸ்.

"பனி மூடிக் கிடக்கே அம்மா. என்னத்தைப் பார்க்கறது?"

"அப்ப பனி உருகினதும் வாங்க."

"பிப்ரவரி ரெண்டாம் செவ்வாய் வாய்தா. கோர்ட்டு பனிக்காகக் காத்திருக்குமா?"

"ஏணி வெச்சு ஏறிப் பாருங்க!"

மூன்று பேரும் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டமாரிஸே கொட்டகைக்குப் போய் ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள். துடைப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏணியின் படிகளில் பனிக்கட்டி உறைந்திருந்தது. ஏறினாள். யாரும் பிடிக்கவில்லை. பெருக்கப் பெருக்கப் பனி அவள் மேலேயே சரிந்து விழுந்தது. கையுறை நனைந்து விறைத்தது, கழற்றி எறிந்தாள். அரை மணி நேரத்தில் ஒரு கட்டில் அளவுக்கு இடம் தெளிந்தது. மஞ்சள் ஓடுகள், ஒரு விரிசல் இல்லை, வரிசை பிசகவில்லை. வெயிலில் பளபளத்தன.

"இப்பத் தெரியுதா? இதுவா பாழ்? சொல்லுங்கய்யா, இதுவா பாழ்?" அவள் குரல் மலையில் போய் மோதிற்று. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மூப்பர் உள்ளே போய்ப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மேலே பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். மூலையில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்தார்.

"புது ஓடுதான். ரொம்ப நல்ல வேலை. ஆனா ஆகஸ்ட்ல இது இல்லையே டமாரிஸ். மனு விழுந்ததுக்கப்புறம் அவசரமா வேஞ்சிருக்கே. அப்ப பாழாத்தானே கிடந்திருக்கு? இல்லேன்னா எதுக்கு வேயப்போறே?"

"மே மாசம் வேஞ்சதுய்யா! அந்த ஆள் அழகுக்காக மாத்திட்டார்!"

"ஒரு கம்பைக்கூட மாத்தலையே அவர். கொல்லன் எண்ணிப் பார்த்தானே. வேலியை உள்ளபடி போடறவர் கூரையை மட்டும் எதுக்கு மாத்தணும்? நீயே சொன்னியே, படுத்துக்கிட்டு நட்சத்திரம் எண்றதா."

"அது வேடிக்கைக்குச் சொன்னது! ஊரே சிரிச்சுதே!"

"நானும் சிரிச்சேன். ஆனா நீ சொன்னே."

பிறகு நினைவு வந்து, கூரை மேலிருந்தே கூப்பிட்டாள். "லவீனா! ஏ லவீனா, வெளிய வாடி! இவங்ககிட்டச் சொல்லு. ஏணியைப் பிடிச்சது நீதானே? மே மாசம்தானே?"

லவீனா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். லெமுவேல் அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். லவீனாவுக்கு இருபது வருஷமாகத் தெரிந்த பார்வை அது. அவள் அத்தையைப் பார்க்காமல், மூப்பரின் காலணியைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை எப்பவும் எதுலயாவது ஏறிக்கிட்டேதான் இருப்பாங்க. எந்த மாசம்னு எனக்கு ஞாபகம் இல்லீங்க."

டமாரிஸ் இறங்கி வந்தாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

மூப்பர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் அவளைத் தனியாக அழைத்து, "வரைஞ்ச ஆளே ரெண்டு வரி எழுதிக் குடுத்தா நாங்க ஏத்துக்கறோம். வாய்தாவுக்கு முன்னாடி கொண்டு வா," என்றார்.

லெவரெட்டுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. வாய்தாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பனிவண்டியில் டவுனுக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ரயில் ஏறி, பாஸ்டனில் விசாரித்து விசாரித்து அவரைத் தேடிப் போனாள். ஒரு பெரிய கூடத்தில் படக் கண்காட்சி. பொன் சட்டத்தில் அந்தப் பெரிய படம் தொங்கியது. கீழே ஒரு அட்டை: நேரில் கண்டபடி, எதுவும் மாற்றாமல் வரையப்பட்டது. முன்னால் பட்டுத் துணி உடுத்திய பெண்கள் கூட்டம். ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஐயோ, பாருங்களேன், அதே பாட்டி!"

எல்லோரும் திரும்பினார்கள். லெவரெட்டின் முகம் வெளுத்தது. ஓடி வந்து அவள் கையைப் பிடித்துப் பின்னறைக்கு அழைத்துப் போய், நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். அவள் தொடவில்லை.

"என் கடிதம் வந்துச்சா தம்பி?"

"வந்தது அம்மா. என்ன எழுதறதுன்னே தெரியலை."

"கூரையில புது ஓடு இருந்துச்சு, நான்தான் மாத்தினேன். அவ்வளவுதான். ரெண்டு வரி. கோர்ட்டுக்கு மட்டும்."

அவர் மேஜையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். "இதைப் படிங்கம்மா. 'இந்தக் கூரையில் ஒரு ஓட்டைகூடக் கற்பனை இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. எங்க கூட்டத்துக்கு எதிரிங்க நிறைய. எப்படா பொய் சொல்வான்னு காத்துக்கிட்டிருக்காங்க. கோர்ட்டுல போட்டது வெளிய வராம இருக்குமா? நான் கையெழுத்துப் போட்டா நாளையிலிருந்து தூரிகையைத் தொட முடியாதும்மா. எங்க கூட்டத்துல மத்தவங்க பேரும் சேர்ந்து கெட்டுப்போயிடும்."

"போடலேன்னா நான் வீட்டை விட்டுப் போகணும்."

"தெரியும்மா," என்றார். கண்ணில் நீர் வழிந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. உங்க முகத்தைத் தனியா ஒரு படம் போட்டுத் தரேன்..."

"ஓட்டை வெச்சது நீங்க. அதுல விழறது நானா?"

அவர் அழுதுகொண்டே இருந்தார். அழுதுகொண்டே மாட்டேன் என்கிறவனை என்ன செய்ய முடியும்? அவள் எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கூடத்தின் வழியாக வெளியே வந்தாள். பட்டுத் துணிக்காரி வழியை மறித்து, "அவ்வளவு அழகான இடம்! அந்த வீட்டுல இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் இருக்கேன்," என்றாள் டமாரிஸ். நேரான பதில். அந்தப் பெண் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

கோர்ட்டு கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது. படம் மேஜை மேல் இருந்தது, மூன்று பேர் அறிக்கை இருந்தது, அவள் வாயாலே சொன்ன வார்த்தை இருந்தது. அவள் பக்கம் அவள் மட்டும்தான். சாலை உலர்ந்ததும் காலி பண்ண வேண்டும் என்று தீர்ப்பு.

ஏப்ரல் கடைசியில் ஊர்த் தர்மப் பண்ணையின் வண்டி வந்தது. ஆதரவற்றவர்களை ஊர்ச் செலவில் போட்டுவைக்கிற இடம் அது. எட்டு வருஷம் அங்கே உருளைக்கிழங்கு உரித்துவிட்டுத்தான் அவள் செத்தாள். அன்றைக்கு அவள் சாமான் ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, மெத்தை ஒன்று. அவளே தூக்கி வண்டியில் வைத்தாள். போகுமுன் தன் இரண்டு அறையையும் பெருக்கி, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தாள். லெமுவேல் அன்றைக்குக் காலையிலேயே டவுனுக்குப் போய்விட்டான். பத்திரம் எழுதுகிற வேலை இருந்ததாம்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் லவீனா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். துணியில் சுற்றிய சூடான ரொட்டி ஒன்று கையில். மூச்சு வாங்கிற்று. சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"அத்தை."

டமாரிஸ் திரும்பினாள்.

"மே மாசம்தான் அத்தை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. மூணு நாளும் நான்தான் ஏணியைப் பிடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இப்ப எதுக்குடி என்கிட்ட சொல்றே?"

"உங்ககிட்டயாவது சொல்லணும்னு..." லவீனா ரொட்டியை நீட்டினாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரியாதா? மேல இருந்தது நான்தானே."

ரொட்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டிக்காரனிடம் போகலாம் என்றாள்.